தாழ்ந்த ரேயில் ஒரு பெருமூச்சு

அபாய் சாலையின் நடுவில் டிராலிபஸ் நின்றுவிட்டது.

மேலே மின்கம்பியைப் பிடித்திருந்த கொம்பு நழுவிவிட்டது. மே மாத மழைக்கு இது வாடிக்கைதான். ஓட்டுநர் கையுறையை மாட்டிக்கொண்டு, யாரையோ திட்டியபடி மழையில் இறங்கினார். விளக்கு அணைந்தது, மோட்டாரின் முனகல் அடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்களும் ஏனோ வாயை மூடிக்கொண்டார்கள். கூரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது...

அக்மரால் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். முப்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு களைப்பா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. உடம்புக் களைப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போகிற ரகம் இல்லை.

அப்போது பின் இருக்கையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்! முதலில் மூக்கால் மெல்ல ஓர் இழுப்பு... நடுவில் கால் தடுக்கின மாதிரி ஒரு நிறுத்தம்... பிறகு 'சரி, போகட்டும்' என்கிற மாதிரி நீளமாக ஒரு விடுதல். பெற்ற தாயின் மூச்சைக்கூட அவளுக்கு இத்தனை நுணுக்கமாகத் தெரியாது.

அது எப்படி என்று கேட்டால், அவள் பிழைப்பைச் சொல்ல வேண்டும். கல்யாண விருந்துகளில் பாடுகிறவர்களுக்கு அவள் மைனஸ் செய்து தருகிறாள். பாடகனின் குரல் தவிர மற்ற எல்லாம் இருக்கும் பாட்டுக்குத்தான் மைனஸ் என்று பெயர். மண்டபத்தில் அதை ஓடவிட்டு அவன் மேலே பாடிவிட்டுப் போவான். வாத்தியக்காரர்கள் தேவையில்லை, எல்லாரும் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி உட்கார வைப்பதற்கான வாத்திய மென்பொருள்களை வாங்கி வாங்கியே அவள் கை தேய்ந்தது. மொத்தம் முப்பத்தொன்று. 'ஆ', 'ஊ' தவிர வேறெதுவும் பாடத் தெரியாத நாற்பது பேர் குழு ஒன்று. திறந்ததுமே கம்ப்யூட்டர் மூர்ச்சை போட்டுவிடும் முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்று. மழைச் சத்தம் வாசிக்கும் வாத்தியம்கூட ஒன்று உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஓசியில் கிடைப்பதற்கு முப்பதாயிரம் தெங்கே! மனசு நொந்த நாளில்தான், 'தள்ளுபடி முடிய இன்னும் ஆறு மணி நேரம்' என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடும். புது வாத்தியம் வந்தால் வாழ்க்கையும் புதுசாகிவிடும் என்று ஒரு நப்பாசை. மறுநாள் பார்த்தால் அதே பழைய வாழ்க்கைதான் இருக்கும், திரையில் கூடுதலாக ஒரு பெட்டியோடு.

புதுச் சாமான் வாங்கினவர்களுக்குப் பார்க்கிறவர்கள் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதுதான் பைகஸி. கூடவே குடியிருக்கும் அக்கா ரைஹான் இதுவரை ஒரு தெங்கேகூடக் கொடுத்ததில்லை. கண்ணில் காட்டினால் தருகிறேன் என்பாள். எதைக் காட்டுவது?

முப்பத்தொன்றிலும் பெரிய கோட்டை விட்டது கோபிஸ் என்ற நாட்டு வாத்தியத்தில்தான். குதிரைமுடி நரம்புகள் இரண்டில் வில் உரசும் அந்த ஓசையை விளம்பரத்தில் கேட்டபோது அவள் அழுதேவிட்டாள். இரண்டு மாத வருமானத்தைக் கொட்டி வாங்கினாள். திருப்பிக் கொடுக்க வழியில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தால்... தாழ்ந்த ரே சுரத்தை அமுக்கும்போதெல்லாம் முதலில் ஒரு ஆண் பெருமூச்சு விடுகிறான்! மணமகள் மண்டபத்துக்குள் வருகிற நேரத்தில் ஒருவன் பெருமூச்சு விட்டால் நன்றாகவா இருக்கும்? ஒவ்வொரு பாட்டிலும் தேடித் தேடி வெட்டினாள். கம்பெனிக்கு ஏழு புகார் எழுதினாள். கிணற்றில் போட்ட கல்தான்.

அந்த ஆள் இப்போது அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

திரும்பினாள். நாற்பதைத் தொடாத வயது, நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. முழங்கால்களுக்கு நடுவே கரண்டி வடிவத்தில் ஒரு துணிப்பை. உள்ளே கோபிஸ்தான், சந்தேகமே இல்லை. கண்கள்தான்... எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதையும் நிறுத்திவிட்ட கண்கள்.

“தாழ்ந்த ரேயில பெருமூச்சு விடுறது நீங்கதானே?”

“என்ன சொல்றீங்க தங்கச்சி?”

“ரெண்டு வருஷமா உங்க மூச்சை வெட்டி வெட்டி எனக்குக் கை ஓஞ்சு போச்சு.”

அவன் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு மெல்லப் புரிந்தது போலும். காது இரண்டும் சிவந்தன.

“அய்யோ... அதைப் பதிவு பண்ணினவங்க துடைச்சிருப்பாங்கன்னு நினைச்சேனே.”

“துடைக்கல.”

“மன்னிச்சுக்கோங்க. வேணும்னா இறங்குற வரைக்கும் மூச்சு விடாம இருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து! பக்கத்தில் வெங்காய மூட்டையோடு இருந்த அம்மாள், என் வீட்டில் ஒருத்தர் நாள் முழுக்க இலவசமாக விடுகிறார், வந்து எடுத்துக்கொள் என்றாள். பஸ்ஸே சிரித்தது. கொம்பு கம்பியைப் பிடித்து விளக்கு எரிந்தபோது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது வெளிச்சத்தில் தெரிந்துபோக, சட்டென்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவன் பெயர் எலாமன். இறங்கும் இடமும் ஒன்றாகவே இருந்தது... அல்லது அவன் அப்படிச் சொன்னான். மழை விடட்டும் என்று லக்மன் கடையில் ஒதுங்கினார்கள். நூடுல்ஸ் கிண்ணத்தில் ஆவி பறக்க, அவன் அந்தப் பதிவின் கதையைச் சொன்னான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து, பூட்டிய அறையில் நான்கு நாள் உட்கார வைத்தார்களாம். ஒவ்வொரு சுரத்தையும் பன்னிரண்டு விதமாக வாசிக்க வேண்டும். சத்தம் வருகிறதென்று ஹீட்டரையும் அணைத்துவிட்டார்கள். ஒரே ஒரு தடவை காசு, அதோடு சரி.

“சரி... ஏன் அந்தச் சுரத்துல மட்டும்?”

அவன் தேநீர்க் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

“மூணாம் நாள் காலைல கம்மல் திரும்பி வந்துச்சு. எங்கம்மா தன் கையால ஒரு பொண்ணு காதுல போட்ட கம்மல். தீப்பெட்டியில வெச்சு அனுப்பியிருந்தாங்க. கோபிஸ் வாசிச்சா அடுப்பு எரியாதாம்.” கிண்ணத்தைக் கீழே வைத்து, “அன்னிக்கு ரே முறை,” என்றான்.

கம்மல் போட்டால் நிச்சயம். திருப்பி அனுப்பினால் முறிவு. இதற்கு மேல் அவன் சொல்லவும் வேண்டாம், அவள் கேட்கவும் வேண்டாம். இரண்டு வருடமாக எத்தனை மூச்சைக் குப்பையில் தள்ளியிருப்பாள்! அடி பாவி, எதையடி வெட்டினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு செவ்வாய், வியாழன் என்று டிராலிபஸ்ஸில் பார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. தற்செயல் என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள்! 'தங்கச்சி' மெதுவாக நின்று 'அக்மரால்' ஆயிற்று. காதில் எதுவும் போடுவதில்லையா என்று ஒருநாள் கேட்டான். நாள் முழுக்க ஹெட்ஃபோன், கம்மல் குத்தும் என்றாள். கேட்டதற்கு அவன் வெட்கப்பட்டான், சொன்னதற்கு அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ரைஹான் பாலூற்றிய தேநீரும் பவுர்சாக் பலகாரமும் வைத்து, தங்கையின் முப்பத்தொரு முட்டாள்தனங்களையும், தான் பைகஸி கொடுக்காத கதையையும் அவனிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் கோபிஸைக் கம்ப்யூட்டரில் கேட்க ஆசைப்பட்டான். அக்மரால் தான் செய்ததிலேயே பெருமையான மைனஸைத் தேடிப் போட்டாள்.

நாலே அடிதான் ஓடியிருக்கும். அவன் முகம் செத்துப்போயிற்று.

“இது தல்கார் ரோட்டு மண்டபத்துக்குச் செஞ்சதா? ஏப்ரல்ல?”

“ஆமா... எப்படித் தெரியும்?”

“அங்க வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. கோபிஸைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன். மைனஸ் வந்துடுச்சு, நீங்க கிளம்புங்கன்னாங்க. வாசல் வரைக்கும் இதே பாட்டு கேட்டுச்சு. உள்ள வாசிக்கிறதும் நான்... சாப்பிடாம திரும்பிப் போறதும் நான்.”

அவள் ஒரு வார்த்தை 'அடடா' என்றிருந்தால் போதும். களைப்பு, மானம்... எது தடுத்ததோ.

“நான் யார்கிட்டயும் திருடல. காசு குடுத்துதான் வாங்கினேன்.”

“நானும்தான் காசு வாங்கிக்கிட்டுக் குடுத்தேன். உங்களைக் குத்தம் சொல்லல,” என்று எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தப் பெருமூச்சு வந்தது. இழுப்பு, தடுக்கல், விடுதல்... கதவு சாத்திக்கொண்டது.

மூன்று வாரம் அவன் டிராலிபஸ்ஸில் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. என் மேல் என்ன தப்பு என்று ரைஹானிடம் கேட்டாள். தப்பு இல்லாவிட்டால் ஏன் சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று ரைஹான் திருப்பிக் கேட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனி கண் விழித்தது. திரையில் ஓர் அறிவிப்பு: 'வாடிக்கையாளர் ஒருவரின் புகாரை ஏற்று, தாழ்ந்த ரே சுரத்தில் இருந்த தேவையற்ற சத்தம் நீக்கப்பட்டுள்ளது. புதிய பதிப்பைப் போட்டால் பழையது அழியும்.' கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே', 'பிறகு'.

ஏழு கடிதம் எழுதிக் கேட்டது. அந்தப் பிற்பகல் முழுக்க அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ரேயை ஒருமுறை அமுக்கினாள். அவன் மூச்சு விட்டான்... பக்கத்திலேயே, கழுத்தருகே. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'பிறகு' என்று அமுக்கினாள். மறுநாளும் அது கேட்டது, மறுநாளும் 'பிறகு'.

பாடகன் சாபிருக்கு ஒரு பெரிய கல்யாணத்துக்கு மைனஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கோபிஸ் வருகிற எட்டு அடியை அவள் காலியாகவே விட்டாள். பாட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதே என்று சாபிர் போனில் கத்தினான். அது ஓட்டை இல்லை, ஒரு ஆள் உட்காருகிற இடம் என்றாள். தன் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டு, அதை அந்த ஆளுக்குக் கொடு என்று எலாமனின் எண்ணைத் தந்தாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அவன் வருவானா, வர மாட்டானா... அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாலை, மழை. கதவு தட்டப்பட்டது. கோபிஸ் பையைக் கோட்டுக்குள் அணைத்தபடி, எலாமன் சொட்டச் சொட்ட நின்றான்.

“எட்டு அடி... முந்நூறு பேர் அமைதியா இருந்தாங்க. அந்த எடத்தை யார் விட்டதுன்னு வில்லை வெச்சதுமே தெரிஞ்சுடுச்சு.” முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டுட்டுப் போனாத்தான் ஆச்சுன்னு பிடிச்சு உக்கார வெச்சாங்க,” என்றான்.

“இப்ப எதுக்கு வந்தீங்க?” அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

“பைகஸி குடுக்க. கோபிஸ் வாங்கி ரெண்டு வருஷமாச்சு, யாரும் குடுக்கலையாமே.”

அவள் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து வாசித்தான். ஜன்னலில் மழை... அறைக்குள் அந்தக் கரகரத்த, இளகிய ஓசை. முப்பத்தொரு பெட்டியிலும் அடங்காத ஓசை. வில் தாழ்ந்த ரேயை நோக்கி இறங்கியபோது, பழக்க தோஷத்தில் அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெருமூச்சு வரும், வரும்... வரவில்லை. வில் நரம்பைச் சும்மா தொட்டது.

“எங்க அது?”

“நானும் தேடிப் பாக்குறேன். நீங்க எதிர்ல இருந்தா வரமாட்டேங்குது.”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவனோ அவள் தோளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்துவிட்டான். அறிவிப்பை மெதுவாகப் படித்தான்.

“நீங்க கேட்டதுதானே? இன்னும் போடலையா?”

“கேட்டேன்தான். வந்தப்புறம் மனசு வரல. மூணு வாரமா நீங்க இல்ல, அது ஒண்ணுதான் இருந்துச்சு. சாப்பிட உக்காரும்போது ஒரு தடவை அமுக்கிப்பேன்...” சொல்லிவிட்டு, இனி எதற்கு மறைப்பது என்று அதையும் சொன்னாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே உங்க மூச்சோடதான் குடித்தனம் பண்ணிட்டிருந்திருக்கேன்.”

அவன் வில்லைக் கீழே வைத்தான்.

“அதை அழிச்சிடுங்க அக்மரால். அது உங்களுக்காக விட்ட மூச்சில்ல... அவளுக்காக.”

“அவ வேணாம்னு திருப்பி அனுப்பினது. நான் காசு குடுத்து வாங்கினது. இப்ப அது யாரோடது, நீங்களே சொல்லுங்க.”

அடுக்களையில் கிண்ணங்களின் சத்தம் நின்றது. ரைஹான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. எலாமன் கோபிஸைச் சுவரில் சாய்த்து வைத்தான். அக்மராலின் காதுகளைப் பார்த்தான். அவை சிவந்துகொண்டே போயின.

“அடுத்த ஞாயிறு எங்கம்மா வருவாங்க. அதுவரைக்கும் காது காலியாவே இருக்கட்டும்.”

அவள் கையை உயர்த்திக் காது மடலைத் தொட்டுப் பார்த்தாள். ஹெட்ஃபோன் அழுத்திய தடம் இருந்தது.

“கம்மல் குத்துமே...” என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

“குத்தினா கழட்டி வெச்சிடுங்க,” என்றான் எலாமன். “ஹெட்ஃபோனை.”