மாமியாரின் அவசர அழைப்பு

காலையில் யோலிமா சுட்டுவைத்த அரேபா சோள ரொட்டியை மாமியார் நெய்லா தொடவே இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு மகனிடம் பேசினாள்.

"ஊர்ல எவன் கூப்பிட்டாலும் உம்பொண்டாட்டி எடுப்பா, ஹாய்ரோ. எம்புள்ள கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டா..."

ஹாய்ரோ வழக்கம்போலத் தன் தட்டிலேயே கண்ணை வைத்துச் சாப்பிட்டான். யோலிமாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. போன மழைக்காலத்தில், தெருவில் புரண்டு வந்த வெள்ளம் கொழுந்தன் வில்மரின் காரை இழுத்துப்போனது. அவன் அவசர எண்ணை அழைக்கவில்லை. அண்ணி அந்த அவசர அழைப்பு மையத்தில்தானே வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய செல்போனையே திரும்பத் திரும்ப அழைத்தான். வேலை நேரத்தில் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. வில்மர் பிணமாகத்தான் கிடைத்தான். அவள் எவ்வளவு சொல்லியும் மாமியார் காதில் ஏறவில்லை.

மதியம் பாரங்கில்லா நகரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருவெல்லாம் ஓடையானது. மையத்தில் யோலிமா ஓர் அழைப்பை முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"டாக்சிக்குள்ள மாட்டிக்கிட்டேன்மா... டிரைவர் எறங்கி ஓடிட்டான். சந்தைக்குப் பின்னால... தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு..."

அது மாமியாரின் குரல். யோலிமா இடத்தை மீட்புக்குழுவுக்குத் தட்டிவிட்டாள்.

"அத்தை, நான் யோலிமா. பெல்ட்டைக் கழட்டுங்க."

மறுமுனையில் விம்மல் கேட்டது. "நீயா... கதவு தெறக்க மாட்டேங்குதுடி..."

"கதவை விடுங்க. கண்ணாடியை எறக்கி, அது வழியாக் கூரை மேல ஏறுங்க."

"இந்த வயசுல நானா?"

"என்னைத் திட்டுறதுக்குத் தெம்பிருந்துச்சுல்ல? அதுல பாதி போதும். ஏறுங்க."

மூச்சிரைப்பு. தகரத்தில் மழை அறையும் ஓசை.

"ஏறிட்டேன்... கயித்தோட யாரோ வராங்க."

"அவங்க கைக்கு நீங்க போறவரைக்கும் நான் வைக்க மாட்டேன், அத்தை."

"உனக்குப் பின்னால மணி அடிச்சுக்கிட்டே இருக்கே. அதெல்லாம் யாரு?"

"உங்களை மாதிரி மாட்டிக்கிட்டவங்க."

"அன்னிக்கும்... வில்மர் கூப்பிட்டப்பவும்... இப்படித்தான் அடிச்சுதா?"

"இப்படித்தான் அத்தை. ஒண்ணு விடாம எடுத்தேன். அவன் மட்டும் இந்த நம்பருக்கு வரல."

நெய்லா வாய்விட்டு அழுதாள். யோலிமாவும் அழுதாள். இவ்வளவு நாளும் தனித்தனியாக அழுத அழுகை அது.

"புடிச்சுட்டாங்க, நான் பொழச்சுட்டேன். நீ வை மகளே... அங்க எவ பெத்த புள்ளையோ காத்துக்கிட்டு இருக்கும். எடு."

கண்ணைத் துடைக்காமலே யோலிமா அடுத்த அழைப்பை எடுத்தாள்.