ராஜாளிக்கு ஒரு ஊசி

காலை ஐந்து ஐம்பது.

பஞ்சாட்சரம் வைக்கோல் மேல் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ஒரு பள்ளம். லாடத்தின் வடிவம்!

மேகலா கணவனின் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை.

"தொடாதீங்கம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர் எழிலரசி.

மேகலா கையை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

திமிரி தாண்டி, மாந்தோப்புக்குள் இருந்தது அந்த ரேஸ் குதிரை லாயம். குதிரையை வெளியே இழுத்துப்போய், தூரத்துப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். பெயர் ராஜாளி, பஞ்சாட்சரம் பழக்கிய குதிரை. சொந்தக்காரர் சூரியபிரகாஷ்... ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவர்தான் முந்திக்கொண்டு பேசினார்.

"உதைச்சிடுச்சி மேடம்! என் கண்ணு முன்னாடி! அவன் குதிரைக்குப் பின்னாடி குனிஞ்சி கூட்டிக்கினு இருந்தான். நான் வாசல்ல நின்னு 'இன்னா பஞ்சாட்சரம்'னு குரல் குடுத்தேன். அடுத்த செகண்டு... படார்!"

"அப்புறம்?"

"டாக்டருக்கு போன் போட்டேன்."

"இவருக்கா?"

"குதிரைக்கு. ஆளைக் கொன்னதை வெச்சிக்க முடியுமா? ஊசி போட்டுட வேண்டியதுதான்."

"கப்பு ஜெயிச்ச குதிரையாச்சே சார்?"

"ஜெயிச்சது அதோட ரத்தம் மேடம்! அப்பன் அப்படி, ஆத்தா அப்படி. ட்ரெய்னர் என்ன... புல்லு போடுவான், தண்ணி காட்டுவான்."

"அவர் காமாலையில படுத்திருந்தப்ப வேற ஆளு ஓட்டப் பழக்கினாரு" என்றாள் மேகலா. "இதே குதிரை கடைசியா வந்துச்சி. ரத்தம் அப்ப எங்க போச்சி மொதலாளி?"

வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு.

"பாவம்... அந்தம்மா ஷாக்குல இருக்கு" என்றார் சூரியபிரகாஷ்.

"நாங்க பெங்களூர் போறதா இருந்தோம் மேடம். வேற லாயத்துக்கு. நேத்துதான் அவரு மொதலாளிகிட்ட சொன்னாரு" என்றாள் மேகலா.

எழிலரசி திரும்பினாள். "இதை நீங்க சொல்லலையே சார்?"

"போனா போறான்! ஊர்ல ட்ரெய்னருக்கா பஞ்சம்?"

வெளியே பைக் சத்தம். குதிரை டாக்டர் பெட்டியோடு இறங்கினார்.

மேகலா எழுந்தாள்.

"ஊசிக்கு முன்னாடி ஒரு நிமிஷம். எல்லாரும் வாங்க."

புளியமரத்தடி. அவள் ராஜாளியின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இன்னா, ராஜாளி?"

குதிரை இடது முன்னங்காலைத் தூக்கியது. அப்படியே நின்றது!

"குளம்பு கழுவ அவரு பழக்கினது. 'இன்னா'னு யாரு சொன்னாலும் தூக்கும். தொட்டாத்தான் கீழ வெக்கும்."

"அதனால?"

"முன்னங்காலைத் தூக்கிக்கினு பின்னங்காலால உதைக்க முடியாது மேடம். விழுந்துடும். லாயத்துப் பக்கம் வர்றவங்க எல்லாருக்கும் இது தெரியும். இவரு கப்பு வாங்க மட்டும்தான் வருவாரு."

குனிந்து குளம்பைத் தொட்டாள். சூடாக இருந்தது. கால் இறங்கியது.

சூரியபிரகாஷ் கர்ச்சீப்பைத் தேடினார்.

"நான்... நான் 'என்ன பஞ்சாட்சரம்'னுதான் கேட்டிருப்பேன்! ஊட்டி கான்வென்ட்ல படிச்சவன் மேடம். அந்த மாதிரி பாஷையெல்லாம் என் வாயில வராது!"

"வராதா?"

"வரவே வராது!"

"சரி சார். அப்ப ஒண்ணே ஒண்ணு." எழிலரசி தொப்பியைச் சரிசெய்தாள். "நீங்க தூக்கிப் போட்ட லாடம் கிடைச்சிடுச்சி. அதுல உங்க கைரேகை எப்படி வந்துச்சி?"

எந்த லாடமும் கிடைக்கவில்லை. அது மேகலாவுக்குத் தெரியும்.

"இன்னாது!" சூரியபிரகாஷின் குரல் கிழிந்தது. "நல்லா தொடச்சிட்டுத்தானே போட்டேன்..!"

டாக்டர் பெட்டியை மூடினார்.

மேகலா ராஜாளியின் பக்கம் திரும்பினாள்.

ராஜாளி நிதானமாக முன்னங்காலைத் தூக்கியது.

எழிலரசி விலங்கை எடுத்தாள்.

"சாட்சி சத்தியப் பிரமாணம் எடுத்துட்டாரு சார்... குறுக்கு விசாரணை ஏதாச்சும் பண்றீங்களா?"