பதினாலு கிலோ இருநூறு

பதினாலு கிலோ இருநூறு. மைதிலி குழந்தையை இறக்கிவிட்டு, எடை மெஷினைத் துணியால் துடைத்து, மறுபடி ஏற்றி நிறுத்தினாள். பதினாலு கிலோ இருநூறு. மெஷின் மேல் பழி போடவும் வழியில்லை. சற்று முன் ஏறிய சின்னக்கண்ணு மகன் போன மாதத்தைவிடக் கால் கிலோ கூடியிருந்தான்.

மலைமேல் அரியூர் நாட்டில் அந்த அங்கன்வாடிக்கு அவள்தான் டீச்சர். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக் கொடுத்த கைக்கு, சொந்த மகள் கோகிலா மட்டும் பதினாலு மாதமாக ஒரு கிராம்கூட ஏறிக் காட்டவில்லை. கேள்வி வருமே என்று மாதாமாதம் இருநூறு கிராம் கூட்டி எழுதிவந்தாள். அட்டையில் கோடு அழகாக மேலே ஏறியது. குழந்தைதான் ஏறவில்லை.

கணவன் தனபாலிடம் சொன்னால், எங்கள் வாகே குட்டைதான் என்று சிரித்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்படியே இருக்கட்டும் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொள்வாள். ஆனால் இன்று மகளை இறக்கிவிடும்போது அந்த விரல்கள் கண்ணில் பட்டன. நகவெட்டியைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். பதினாலு மாதமாக அந்த விரல்களில் வெட்டுவதற்கு ஒன்றும் வளரவில்லை.

"ஏம்மா பாக்கறீங்க?" கோகிலா சிரித்தாள். ஒரு பல்கூட ஆடாத, அரிசி அரிசியான வரிசை. அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை.

மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கியது. சமையல் செய்யும் பெருமாயி மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது கோகிலாவை ஒரு பார்வை பார்த்தாள். முன்பெல்லாம் இடுப்பை விட்டு இறக்காதவள், இந்தப் பதினாலு மாதத்தில் அவளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. தனபால் ஆத்தூருக்கு மரவள்ளி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்வரை தாயும் மகளும் அங்கேதான் காத்திருக்க வேண்டும்.

பதினாலு மாதத்துக்கு முன், அன்றைக்கும் இதே மாதிரி மேகம்தான். பின்னாலிருக்கும் மிளகுத் தோட்டத்துக்குள் விளையாடப் போன குழந்தையைக் காணாமல், கோகிலா, கோகிலா என்று தொண்டை கிழியக் கத்தினாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் "ஏம்மா?" என்று குரல் கேட்டது. சில்லென்ற ஒரு சின்னக் கை வந்து அவள் கைக்குள் புகுந்துகொண்டது. முகத்தைக்கூடப் பார்க்காமல் வாரி அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் பெருமாயி அன்று சாயங்காலம் கேட்டாள். சொன்னதும், குழந்தையைத் தூக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"மேகத்துல புள்ளையப் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாதுங்க டீச்சர். அது சோறு திங்கற தட்டத் தட்டோணும். பேருக்கு எது வேணாலும் ஏன்னு கேக்கும். தட்டுக்குப் புள்ளைதான் வரும்."

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்த மைதிலிக்கு அது மலைக்காரர்களின் பேச்சாகத்தான் பட்டது. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையில் தலை பின்னிவிடும்போது, "பெருசாவாத கண்ணு, இப்படியே இருந்துரு" என்று மகளைக் கொஞ்சியிருந்தாள். எந்தத் தாய்தான் சொல்லாமல் இருக்கிறாள்.

மேகம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது. ஈரச் சாக்கின் வாடையும், மாவு வாடையும், கழுவி வைத்த அண்டாவின் வாடையும் ஒன்றாகக் கலந்து, தகரத்தில் விழும் ஒவ்வொரு சொட்டும் யாரோ நடந்து வருவதைப் போலக் கேட்டுக் கேட்டு அவளுக்குள் எதையோ கிளறிவிட்டது. கதவைத் தாழிட்டாள். மாவு டின்னுக்குப் பின்னால் கைவிட்டு, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டை எடுத்தாள். கோகிலாவின் தட்டு. காணாமல் போய்க் கிடைத்த அன்றைக்கே, அது என் தட்டு இல்லை என்று சொல்லி அதில் சாப்பிட மறுத்துவிட்டாள்.

தட்டிப் பார்க்க இத்தனை நாளும் பயம். தட்டி, ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை. வந்துவிட்டால்? இவளையும்தானே நெஞ்சில் போட்டு வளர்த்திருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்தாள். குழந்தை வந்து மடியில் ஏறிக்கொண்டது.

"தட்டாதீங்கம்மா."

மூன்று தட்டு தட்டினாள். சுவர்க்கோழிச் சத்தம் நின்றது. மறுபடி மூன்று.

வெகு கீழே, மிளகுத் தோட்டத்துக்கும் கீழே இருந்து குரல் வந்தது.

"வாரேம்மா."

கொஞ்சம் வளர்ந்த குரல். முன்பல் விழுந்த பிள்ளை பேசுவதுபோல் அதில் காற்றுப் போனது. பெற்றவளுக்குத் தெரியாதா.

ஓடிவரும் சத்தம். சருகு. கல். வாசல்.

கதவைத் தட்டியது. தாழ்ப்பாள் உயரத்தில். மடியிலிருப்பவளுக்கு எட்டாத உயரத்தில்.

"அம்மா, என் தட்டுச் சத்தம் கேட்டுது. தொறங்கம்மா."

கதவுக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. சேறு அப்பிய, வெடித்த பாதங்கள். நீண்டு வளைந்த நகங்கள்.

எழப் பார்த்தாள். முடியவில்லை. மடி கனத்தது. மாவு மூட்டையாகக் கனத்தது. பிறகு அம்மிக்கல்லாக. தொடை எலும்பு சிமெண்டில் அழுந்தியது.

"அவ பெருசாயிட்டாம்மா." மடியிலிருந்தது அவள் கன்னத்தைத் தடவியது. "இப்படியே இருந்துருன்னு நீங்கதான சொன்னீங்க. நான் இருக்கறேன்."

தட்டு கை நழுவியது. உருண்டது. மூலையில் சுற்றிச் சுற்றி அடங்கியது.

வெளியே மறுபடி தட்டும் சத்தம். "அம்மா?" மறுபடி. அப்புறம் பாதங்கள் திரும்பின. ஒரு எட்டு. இரண்டு எட்டு. தட்டுச் சத்தம் இல்லாத இடத்தில் அவள் ஏன் நிற்கப் போகிறாள்.

தட்டு எட்டவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான். கூடாதென்று தெரியும். தெரிந்தும் பெற்ற மனம் கேட்கவில்லை.

"கோகிலா!"

"ஏம்மா?" என்றது மடி.

"ஏம்மா?" என்றது வாசல். ஜன்னலுக்கு அடியில், "ஏம்மா?" சுவருக்குப் பின்னால். தோட்டத்தில். தோட்டத்துக்கும் கீழே. ஒரே குரல்.

கதவுக்கு அடியில் சேற்றுப் பாதங்களைக் காணவில்லை. அந்த இடத்தில் சின்னக் கால்கள் வந்து நின்றன. இரண்டு, நான்கு, ஆறு. மண் ஒட்டாத, நகம் வளராத கால்கள். எல்லாம் ஒரே அளவு.