ஏழாவது ஆளுக்கு இடம்

ஏகாம்பரம் தரையில் படுப்பார். அவர் மனைவி தமயந்தி அவருக்கு நேர் மேலே, உட்கூரையில் படுப்பாள். மகன் தினகரன் கிழக்குச் சுவரில், மருமகள் இலக்கியா மேற்குச் சுவரில், கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களும் தெற்கிலும் வடக்கிலும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். ஆறு முகம், ஆறு ஆள். வடசென்னைக் கனசதுரக் குடியிருப்பில் நாலாயிரம் வீடுகளும் இதே அளவுதான்.

எல்லாம் ஈர்ப்புப் பலகையின் புண்ணியம். விசையைத் தட்டினால் அறைக்குள் பூமியின் இழுவை ஓய்ந்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு முகமும் தன் பக்கத்தில் இருப்பதைத் தானே இழுத்துக்கொள்ளும். மேற்குச் சுவரில் படுத்தவளுக்கு மேற்குச் சுவர்தான் தரை. ஒரு பலகை ஓர் ஆளைத்தான் தாங்கும் என்பதால், கல்யாணமான மூன்று வருடமாகப் புருஷன் ஒரு சுவர், பெண்டாட்டி ஒரு சுவர். அப்புறம் குழந்தை எப்படி என்று கேட்கும் வாய்த்துடுக்குக்காரர்களுக்கு ஒரு பதில்: பகலில் மற்றவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்விடுவார்கள். போதுமா?

தமயந்தி பார்சல் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி அடுக்குபவள். கண்ணாடி வளையலையும் அம்மிக்கல்லையும் ஒரே பெட்டியில் போட்டு உடையாமல் ஊர் சேர்ப்பாள். பலகை வந்த புதிதில் மற்ற வீடுகளில் ஒரே ரகளை. மருமகள் கால் மாமனாரைப் பார்த்து நீள்கிறது, மாப்பிள்ளை வடக்கே தலை வைத்துவிட்டார் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. தமயந்தி ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிட்டாள். பெரியவர்களுக்கும் புருஷன் பெண்டாட்டிக்கும் தெற்கே தலை. கால்கள் எல்லாம் வடக்குச் சுவரை நோக்கி, அங்கே கடைசிப் பெண். வீட்டுக்கே இளையவள், அவளைப் பார்த்து யார் கால் நீட்டினாலும் பாவமில்லை. அக்கம்பக்கத்தார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான்.

இலக்கியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாவது ஆள். உறைவிட வாரியத்தின் விதி ஒரு முகத்துக்கு ஒருவர் என்பது. முகம் இல்லாத ஓர் ஆள் வீட்டில் இருந்தால் இரண்டு அறை வீடு கிடைக்கும். அன்றே விண்ணப்பம் போட்டார்கள். இலக்கியாவுக்குப் பெரிய கூடமோ பால்கனியோ வேண்டியதில்லை. தன் புருஷன் பக்கத்தில் படுத்து, சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அதை அவள் மாமியாரிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தமயந்தி அவள் தலையைத் தடவி, கதவு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றாள்.

ஆனால் தமயந்தியிடம் ஒரு ரகசியம் இருந்தது. குழந்தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு, பலகைகள் ஓடிக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து ஒரு துண்டை மகளிடம் போட்டாள். துண்டு போய்ச் சேரவில்லை. அறையின் நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டது. ஆறு பக்க இழுவையும் சமமாகிற இடம். அங்கே ஒரு குழந்தையைத் தாராளமாகப் படுக்கவைக்கலாம் என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. சொன்னால் வீடு போச்சு என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரியத்தின் பரிசோதகர் ஞானசேகர் வந்தார். எல்லோரும் அவரவர் முகத்தில் படுத்துக் காட்டினார்கள். இலக்கியா குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு உயிரின் கனம் தாங்காமல் மேற்குப் பலகை கீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. ஏகாம்பரத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஞானசேகர் படிவத்தை எடுத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அடுக்கத் தெரியாதவங்கதாம்மா பெரிய வீடு கேக்கறாங்க. என்ன செய்யறது, எல்லாருக்குமா சாமர்த்தியம் இருக்கு?"

தமயந்தியின் முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கூரையிலிருந்து எழுந்தாள். பழைய பருத்திப் புடவையை எடுத்தாள், பாவாடை நாடா ஆறு எடுத்தாள். "அம்மா, வேணாம்மா" என்று தினகரன் கிழக்கிலிருந்து கெஞ்சினான். காதில் விழுந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. நடுவில் புடவையைத் தூளியாக விரித்து, முகத்துக்கு ஒரு நாடாவாக இழுத்துக் கட்டி, கதறுகிற குழந்தையை வாங்கி உள்ளே விட்டாள்.

குழந்தை எடையே இல்லாமல் மிதந்தது. கையையும் காலையும் ஒருமுறை விரித்துப் பார்த்தது. அழுகை நின்றது. ஒரு நிமிடத்தில் தூங்கிப்போயிற்று. முதுகில் எதுவும் அழுத்தாத அப்படி ஒரு தூக்கத்தை அதுவரை எந்தப் பிள்ளையும் தூங்கியிருக்காது. பார்த்துக்கொண்டிருந்த ஞானசேகருக்கே கண் பனித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தமயந்தியைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானாக இருந்தாலும் கும்பிட்டுத்தான் இருப்பேன். பிறகு அவர் படிவத்தில் ஏதோ எழுதினார். இலக்கியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தினகரன்தான் சத்தமாகப் படித்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இனி ஓர் அறைக்கு ஏழு பேர் என்பதே விதி. அதற்குத் 'தமயந்தி ஒழுங்கு' என்று பெயர். இரண்டு அறைக்காகக் காத்திருந்த முந்நூறு குடும்பங்களின் மனுக்களும் இதன்படி முடித்துவைக்கப்படுகின்றன. ஆறு பேர் மட்டும் உள்ள வீடுகளில் நடு இடம் காலியென்று கொள்ளப்பட்டு, வெளியாள் ஒருவர் அனுப்பப்படுவார். கடைசியாக ஒரு பத்தி: திருமதி தமயந்தி அவர்களை வாரியத்தின் ஆலோசகராக நியமிப்பதில் பெருமை கொள்கிறோம், எட்டாவது ஆளுக்கு இடம் காண்பது அவருடைய முதல் பணி.

ஏகாம்பரம் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். இலக்கியா குழந்தையைத் தோளில் போட்டபடி மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்றுதான் தமயந்தி எதிர்பார்த்தாள்.

"கொஞ்சம் மோசமா அடுக்கியிருக்கலாம், அத்தை."

"அது எனக்கு வரலியே கண்ணு" என்று தமயந்தி அழுதுவிட்டாள். உண்மையான அழுகை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளின் பார்வை உட்கூரையின் ஒரு மூலைக்குப் போயிற்று. மூன்று முகங்கள் சேர்கிற இடம். அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல அடுத்த மூலைக்கு நகர்ந்தது. பிறகு அதற்கும் அடுத்ததற்கு.

இலக்கியா அதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, எண்ணாதீங்க."