கலாவல்லியின் முனைப்பு

அந்த ஆண்டு மாநிலத்தில் முனைப்பூட்டி பொருத்திக்கொள்ளாத விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பதினோரு பேர்தான் மிச்சம். அவர்களில் ஒருத்தி, வேலூர் மகளிர் விளையாட்டு விடுதியில் பளுதூக்கல் சொல்லித்தந்த கலாவல்லி.

காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் வைக்கும் அரிசியளவு கருவி அது. மனம் சோரும்போதும் பயந்து தயங்கும்போதும் மூளைக்கு ஒரு சிறு தூண்டல் தரும். பயிற்சியாளருக்கு வேலையில் ஆர்வம் குறைந்தால் பதக்கமும் குறைகிறது என்று கண்டுபிடித்தவர்கள், ஆர்வத்தையே செய்து தந்துவிட்டார்கள்.

கலாவல்லிக்கு ஆர்வம் வற்றிப் பல வருடமாயிற்று. பதினாறு வருடமாக ஒப்பந்த வேலை. தேற்றிவிட்ட பெண்கள் கல்யாணம், ரயில்வே உத்தியோகம் என்று ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். பர்வீன் என்ற பெண் புதிதாகப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது கலாவல்லி சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எண்பது கிலோ போதும். அதுக்கு மேல ஆசப்படாத" என்றாள்.

தை மாதம் உத்தரவு வந்தது: கருவி இல்லையென்றால் வேலை இல்லை. பொருத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன்பே பயிற்சிக் கூடத்தில் நின்றாள். பர்வீனின் பிடியை விரல் விரலாகத் திருத்தினாள். "உன்ன மாதிரி தோள நான் பார்த்ததே இல்லடி. இந்தியாவுல அடுத்து நீதான்" என்றாள். பர்வீன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஏழு மாதத்தில் எண்பது கிலோ தொண்ணூற்றாறு ஆனது.

ஆவணியில் ஒரு காலை, "மேடம், முதுகு ரெண்டு நாளா சுள்ளுனு இழுக்குது" என்றாள் பர்வீன்.

பழைய கலாவல்லி என்றால் பயந்து அன்றே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாள். இப்போதும் பயம் எழத்தான் செய்தது. எழுந்த இடத்திலேயே கருவி அதை அணைத்துவிட்டது. "உன்னால முடியும். தூக்கு" என்றாள்.

பர்வீன் தூக்கினாள். அவள் முதுகில் ஏதோ முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

பர்வீன் இனி நடக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னபோது கலாவல்லிக்கு அழுகை வரவில்லை. அடுத்து யாரைத் தயார்செய்யலாம் என்று மனம் பட்டியல் போட்டது. இது தப்பு என்பது மட்டும் புரிந்தது. வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கருவியை எடுக்கச் சொன்னாள். மயக்கம் தெளிந்ததும் ஏழு மாதத்துப் பயமும் மொத்தமாக வந்து இறங்கியது. மூன்று நாள் அழுதாள்.

நான்காம் நாள் பர்வீனின் கட்டிலருகே போய் நின்றாள்.

"அத எடுத்துட்டேன்மா."

"ஏன் மேடம் எடுத்தீங்க? அது இருந்தப்பதான என்ன நம்புனீங்க?" பர்வீனின் குரல் உடைந்தது. "இந்தியாவுல அடுத்து நீதான்னு சொன்னீங்களே, அது நீங்க சொன்னதா, அந்தக் கருவி சொன்னதா? உண்மையச் சொல்லுங்க."

கருவி என்று சொன்னால் பழி தன்னைவிட்டுப் போய்விடும். பயிற்சியாளர் சங்கத்து வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். ஆனால் இந்தப் பெண்ணுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

"நான்தான்" என்றாள் கலாவல்லி.

பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப, தூக்குன்னு சொன்னதும் நீங்கதான்."

"ஆமாம்மா. அதுவும் நான்தான்."

பர்வீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இனிமே வராதீங்க மேடம்."