கட்டைவிரல் சுவிட்ச்

ஒரு நிமிஷத்தில் தானாக அணைய வேண்டிய பல்பு, சவரிராஜ் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தது.

"நான் அமுக்கவே இல்லிங்களே," என்று அவன் மனைவி சகாயம்மாள் சொல்லியிருந்தாள். பொய் சொல்லுகிறவள் இல்லை.

வாதம் வந்து படுத்த இந்த ஆறு மாதத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது இடது கைக் கட்டைவிரலின் அசைவும், வாசற்படியைத் தாண்டாத குரலும்தான். அந்த விரலும் மரத்துப்போனது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. சளி அடைத்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தாமதித்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறிச் சத்தத்தில் பெல் அடித்தால் எங்கே கேட்கப்போகிறது? சவரிராஜுக்கோ வாலிபத்திலிருந்தே ரேடியோப் பைத்தியம். ஒரு ஐசி, ஒரு கண்டென்சர், நாலு ரெசிஸ்டர் வைத்துத் தானே ஒரு டைமர் செய்தான். அவள் உள்ளங்கையில் காலிங்பெல் சுவிட்சைத் துணியால் கட்டினான். அவள் லேசாகத் தட்டினால் போதும். தறிக்கு மேலே டார்ச் பல்பு ஒரு நிமிஷம் எரியும். இழையில் கண்ணாக இருந்தாலும் தப்பாது. மகராசி, முதல் நாள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தாளே!

சேவூர் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த தசரதன், பல்பு அணையாமல் எரிந்ததற்கு மறுநாள் வந்து எல்லாவற்றையும் சோதித்தார்.

"ஐசி நல்லாதான் கீதுப்பா. யாரனா சுவிச்ச வுடாம அமுக்கினே இருந்தாதான் இப்பிடி எரியும். கைய எடுத்தா அணைஞ்சிரும்."

"அவளுக்கு அவ்ளோ தெம்பு ஏதுண்ணா?"

தசரதன் கட்டிலைப் பார்த்தார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் சுவரோரம் சொட்டிக்கொண்டிருக்க, ஈரப் பட்டின் பச்சை வாடையும் கட்டிலுக்கடியில் தேய்த்த பினாயில் வாடையும் கலந்து வீடு முழுக்கச் சுற்றிவர, தெருவின் மற்றத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் அவனுடைய தறி மட்டுமே தடக்தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தபோது, பல்பு எரிந்தது.

எழுந்து ஓடினான். ஜன்னல் வெளிச்சத்தில் சகாயம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை.

"என்னாங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "கைய வுடுங்க. வலிக்குது."

வலிக்கிறதா! சவரிராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதாவே, மரத்த கைக்கு உணர்ச்சி வந்துவிட்டதே! இனி எழுந்து உட்காருவாள், பூசைக்கு நடந்தே வருவாள் என்றெல்லாம் மனசு ஒரு நொடியில் கோட்டை கட்டிவிட்டது.

பிறகுதான் தான் நிற்கும் இடம் அவனுக்கு உறைத்தது. அவன் இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இறுக்கிப் புடிக்காதீங்க... வலி தாங்கலிங்க."

போர்வையை இழுத்தான். அவளுடைய கட்டைவிரல் சுவிட்சின் மேல் அழுந்திக் கிடந்தது. நகம் ரத்தம் செத்து வெளுத்திருந்தது. நகத்துக்குக் கீழே சதை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. மேலே எதுவும் இல்லை. யாருடைய கையும் இல்லை.

பிடித்துத் தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. அவன் விரல்களுக்கு நடுவே சில்லென்று ஏதோ ஒன்று, தடித்தது, விலகாமல் இருந்தது.

"அவள வுட்டுடு," என்று கெஞ்சினான். "உனக்குக் கோடிப் புண்ணியமா போவும், வுட்டுடு. வேணும்னா என்ன எடுத்துக்கோ!"

பல்லால் துணிக்கட்டைக் கடித்து அறுத்தான். ஒயரைச் சுற்றிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். சுவிட்ச் பிய்ந்துகொண்டு வந்தது. அதைச் சுவரில் வீசியடித்தான்.

விரல் தளர்ந்தது. நகத்தில் ரத்தம் ஊறியது.

"வுட்டுட்டீங்களா," என்று சகாயம்மாள் கண்ணைத் திறந்து புன்னகைத்தாள். அவன் கட்டிலோரம் அப்படியே மண்டிபோட்டுத் தேம்பினான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அவளுடைய புன்னகை நின்றது.

தொண்டையில் ஒரு குழி விழுந்தது. சின்னதாக. ஒரு கட்டைவிரல் அளவுக்கு. கழுத்தின் மறுபக்கத்தில் இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. இன்னும் இரண்டு.

ஆழமாயின.

பாய்ந்து அவள் கழுத்தைப் பற்றினான். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் சதைதான் இருந்தது. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"சகாயம்! சகாயம்!"

குரல் வரவில்லை அவளுக்கு. கண் அவனையே பார்த்தது. அவனைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வெறும் உள்ளங்கையில், சுவிட்ச் இருந்த இடத்தில், அவளுடைய கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருந்தது.