கசிவே இல்லாத வீடு

விசிறியை இன்னும் போடவே இல்லை. அதற்குள் அழுத்தமானியில் எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் நைக்விஸ்ட் கையுறையைக் கழற்றிவிட்டு ரப்பர் குழாயை ஒருமுறை பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். மாற்றமில்லை. புதிதாகக் கட்டிய வீடு எவ்வளவு காற்றை ஒழுகவிடுகிறது என்று அளந்து சான்றிதழ் கொடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. பின்வாசல் கதவைத் திறந்துவைத்து, நிலைக்குள் ஒரு சட்டத்தை நெருக்கிப் பொருத்தி, சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, துணியின் அடியில் பெரிய விசிறியை வைத்துவிடுவாள். விசிறி உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இறைக்கும். வீட்டில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று புகுந்து வரும். வருவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. விசிறி நின்று, அதன்மேல் மூடியும் போட்டிருக்கும்போது எண் சும்மா கிடக்கவேண்டும். வெளியே காற்றடித்தால் கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். அன்றைக்கு மின்னசோட்டாவில் காற்றே இல்லை. உறைந்த சனவரி மதியம், கூரைவிளிம்பில் பனித்துகள்கூட அசையவில்லை.

எண் நான்கு விநாடி ஏறியது. நான்கு விநாடி இறங்கியது.

அறைகளுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் காற்றுமாற்றி ஓடுகிறதா என்று கேலனிடம் கேட்டாள். இந்தப் புதுக் குடியிருப்பில் முப்பத்தியிரண்டு வீட்டுக்கும் கட்டட மேற்பார்வை அவன்தான்.

"அத மட்டும் நானே மெயின்ல அணைச்சிட்டேன். உங்க மிஷினுக்கு வயசாயிடுச்சு, ஆர்டிஸ்."

"எனக்கும்தான் ஆச்சு. நான் தப்பாவா காட்டுறேன்?"

அவன் சிரித்தான். போன மாதம் வேறொரு வீட்டை அவள் தேறாது என்று எழுதிவிட்டுப் போனதை அவன் மறக்கவில்லை. இந்த வீட்டைச் சல்லடை என்று எழுத அவளால் முடியாது என்றான். சுவர், கூரை, தரைக்கடி என்று எல்லா இடத்திலும், உப்பி இறுகிக் குளிரைத் தடுக்கும் காப்பு நுரை பீய்ச்சியிருக்கிறதாம், சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடியாம், இந்தக் குளிரிலும் ஒரு மெழுகுவத்தி போதுமாம் சூடாக்க. சன்னல் கைப்பிடிகளை மாட்டவேண்டியதுதான் பாக்கி, அவை அலுவலகத்தில் இருக்கின்றன. நான்கு மணிக்கு வீடு வாங்கியவர்கள் வருகிறார்கள், அவர்களையும் கைப்பிடிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டான்.

"உள்ள போன் எடுக்காது. சுவர் பூரா தகடு ஒட்டியிருக்கு. என்னைத் திட்டணும்னா வெளியில வந்துதான் திட்டணும்."

முன்கதவை அவன் இழுத்துச் சாத்தினான். அவன் வண்டி கிளம்பிப் போவதை அவள் சன்னல் வழியே பார்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

ஆளில்லாத புதுவீடு அவளுக்குப் பழகியதுதான். புதுப் பெயிண்டும் பசையும் மரத்தூளும் கலந்த வாசனை, படிக்கட்டுப் பலகை இறுகும்போது எங்கோ எழும் சின்ன முனகல், தண்ணீர்க் குழாய்க்குள் ஒரு சொட்டு விழுந்து ஓடுவது, இவையெல்லாம் எந்த வீட்டிலும் இருக்கும், அவற்றுக்கு நடுவே அவள் தனியாக நின்று எண்களை எழுதிக்கொண்டு அமைதியாக வேலையை முடித்துவிடுவாள். இங்கே முனகல் இல்லை, சொட்டு இல்லை. தன் கோட்டுத்துணி உரசுவதும் தன் எச்சில் தொண்டையில் இறங்குவதும்தான் கேட்டது. பெயிண்ட் வாசனைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. விடியற்காலையில் பக்கத்துத் தலையணையிலிருந்து வரும் வாசனை போல, வெதுவெதுப்பாக, லேசான புளிப்போடு.

விசிறியைப் போட்டாள். துணி புடைத்தது. ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறும் என்பது திரையில் வந்தது. ஒன்று புள்ளி ஒன்று. மூன்றுக்குள் இருந்தாலே தேர்ச்சி. பேனாவை எடுத்தாள்.

பூஜ்யம் புள்ளி ஒன்பது.

பேனா நின்றது. பூஜ்யம் புள்ளி ஆறு. அவளுக்குக் காது அடைத்தது. இடுக்குகள் திறக்கலாம்; விசிறி இழுக்கும்போது தளர்ந்த ஓரம் ஒன்று விட்டுக்கொடுக்கலாம்; பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஆனால் இடுக்குகள் தாமாக மூடிக்கொள்வதில்லை. புண் ஆறுவதுபோல வீடு ஆறுவதில்லை. பூஜ்யம் புள்ளி மூன்று. புள்ளி ஒன்று.

பூஜ்யம்.

விசிறியை அணைத்தாள். இறக்கைகள் தளர்ந்து, தடுமாறி, நின்றன. பிறகு மெதுவாகப் பின்பக்கமாகச் சுழலத் தொடங்கின. நான்கு விநாடி. நின்றன. முன்பக்கமாக நான்கு விநாடி. அதன் மின்கம்பியை அவள் ஏற்கெனவே சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

சமையலறைச் சுவரில், உள்ளே உள்ள காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை உண்டு. புதுவீடுகளில் எல்லோரும் கேட்டு வாங்குவது. மூச்சுவிடும் ஆட்கள் கூடினால் அதில் எண் கூடும். அவள் வந்தபோது நானூற்றுச் சொச்சம் இருந்தது. இப்போது ஆயிரத்து நூறு. இவ்வளவு பெரிய வீட்டில் தனி ஆள் மூச்சுவிட்டால் அந்த எண் வர நாள் கணக்காகும் என்று அவளுக்குத் தெரியும்.

தனி ஆள் என்றால்.

பையிலிருந்து வெப்பக் கேமராவை எடுத்தாள். கசிவிருக்கும் இடம் அதில் நீலமாகத் தெரியும். நீலம் எங்கேயும் இல்லை. சமையலறைக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட சுவர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. வெந்நீர்க் குழாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமராவைத் திருப்பினாள். அடுத்த சுவர். கூரை. தன் காலடித் தரை. எங்கே காட்டினாலும் ஒரே எண், தொண்ணூற்றெட்டு. காய்ச்சலில்லாத உடம்பின் சூடு.

முன்கதவுக்கு ஓடினாள். தாழ் சுலபமாகத் திரும்பியது. கதவு அசையவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே மஞ்சள் நுரை பிதுங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த நுரை ரொட்டியின் மேல்தோல் மாதிரி நொறுங்கும். இது விரலுக்கு அமுங்கியது. சூடாக இருந்தது. விரலை எடுத்ததும் அந்தக் குழி தானே நிரம்பியது.

பின்வாசலில் இருப்பது வெறும் துணிதான். சட்டைப்பையில் கத்தி இருந்தது. ஒரே கிழி, அப்புறம் பின்முற்றம், பனி, அவளுடைய வேன். விசிறிக்கு மேலே கத்தியைக் குத்தி இழுத்தாள். துணி வாய்பிளந்தது. பின்னால் பனி இல்லை. நிலைமுழுக்க மஞ்சளாக, அடர்த்தியாக, ஈரப் பளபளப்போடு நுரை நின்றது. கத்தியைப் பிடிவரை இறக்கினாள். வெளியே எடுக்க முடியவில்லை.

சுவர்த் திரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

தலை வலித்தது. சன்னலைத் திறக்கக் கைப்பிடி இல்லை. கேமராவால் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். கேமராதான் உடைந்தது. ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். காற்று விசிலடிக்கும் அவர்களுடைய பழைய வீட்டை இழுத்து அடைக்கச் சொல்லி இருபது குளிர்காலமாக அவனை அவள் நச்சரித்து வருகிறாள்.

இரண்டாயிரத்து அறுநூறு.

அப்போதுதான் கார் வந்தது. கேலன் இறங்கினான். கூடவே வீடு வாங்கிய ஹால்வர்சன் தம்பதி. கையில் மூடிபோட்ட கேக் தட்டோடு கணவர். பச்சைத் தொப்பியில் மனைவி மார்னி, எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ஆர்டிஸ் இரண்டு முஷ்டியாலும் கண்ணாடியை அறைந்தாள். வாருங்கள். இங்கே. வாருங்கள்.

மார்னி நேராகச் சன்னலுக்கு வந்தாள். கண்ணாடியில் முகம் படுமளவு நெருங்கி, ஆர்டிஸின் கண்களையே பார்த்தாள். ஆர்டிஸுக்கு அழுகை வந்துவிட்டது. மார்னி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கைப்பையிலிருந்து உதட்டுச்சாயத்தை எடுத்தாள்.

சாய்ந்த வெயில் அந்தக் கண்ணாடியில்தான் அடித்தது. அவள் பார்த்தது தன் முகத்தை.

காலடித் தரை ஏறி இறங்குவதையும் அதன் வேகம் மாறியதையும் ஆர்டிஸ் உணர்ந்தாள். நான்கு விநாடி மூன்றாகியது. மூன்று இரண்டாகியது. பசித்தவனுக்கு முன் தட்டு வரும்போது மூச்சு விரைவது போல.

அவர்களுக்குக் கதவு திறக்கும். அதை அவள் புரிந்துகொண்டாள். அவர்களுக்குச் சுலபமாகவே திறக்கும்.

மறுபடி அறைந்தாள். போய்விடுங்கள். போங்கள். அதே கண்ணாடி, அதே முஷ்டி, வெளியே அதே மௌனம். கேலன் பெருமையாகச் சன்னலைச் சுண்டிக் காட்டி ஏதோ சொன்னான். மார்னி கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டாள். முகமெல்லாம் மகிழ்ச்சி. அவள் வாயசைவு ஆர்டிஸுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

"ஒண்ணுமே கேக்கல."

சன்னல் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஊறி வந்தது. நான்கு பக்கமும். வெளியுலகம் தட்டளவு ஆனது. உள்ளங்கையளவு. ஆர்டிஸ் நகத்தால் பிறாண்டினாள். நகம் நுரையோடு போயிற்று. காசளவு.

அந்த வட்டத்துக்குள் பச்சைத் தொப்பி நகர்ந்தது. பிறகு கேலனின் கை. பிறகு மார்னியின் கையுறை, அதன் நடுவே வெயிலில் மின்னும் புத்தம்புதுச் சாவி.

வீடு மூச்சை அடக்கிக்கொண்டது.

சாவி வாசலை நோக்கிப் போயிற்று.